‘தெரியாது’ அண்ணை

காரின் பொனற்றைத் திறந்த கையோடு ஏதாவது சொல்லாத மெக்கானிக்கை நான் அதற்கு முன் கண்டதில்லை. சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். சிலர் "இது பெரிய வேலை" என்று தொடங்குவார்கள். அவர் பொனற்றைத் திறந்து கம்பியை முட்டுக்கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு மூன்று நிமிடம் போயிருக்கும். பொறுக்க முடியாமல் நான்தான் கேட்டேன்.

"என்னண்ணை பிழை?"

"தெரியாது."

பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்வது போல, கூச்சமில்லாமல் சொன்னார்.

எனக்கு எரிச்சல் வந்தது. அவரிடம் வருவதற்குள் நான் மூன்று கராஜ்கள் ஏறி இறங்கியிருந்தேன். எங்கள் காரின் ஏசி காலையில் பனிக்கட்டி மாதிரிக் குளிரும். மத்தியான வெயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் சூடான காற்று வரும். எங்காவது நிறுத்திக் கொஞ்சம் ஆறவிட்டால் திரும்பவும் குளிரும். மெக்கானிக் பார்க்கும்போது எப்போதும் குளிர்ந்துகொண்டிருக்கும். முதலாவது இடத்தில் காஸ் முடிந்துவிட்டது என்று காஸ் அடித்தார்கள். இரண்டாவது இடத்திலும் அதையே செய்தார்கள். மூன்றாவது இடத்தில் கம்பிரஷரை முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள்.

என் கணவருக்கு நரம்பு நோய். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். சிட்னியிலும் எங்கள் ஆட்களுக்கு அவர் மாஸ்டர்தான். அவருடைய நோய்க்குச் சூடு ஆகாது. உடம்பு சூடானால் கைகால் சொல்வழி கேளாது, பேச்சுக் குழறும், கண் மங்கும். குளிர்ந்தால் மெல்ல மெல்லத் திரும்பி வரும். ஆகவே ஏசி எங்களுக்குச் சொகுசு இல்லை, வீல்செயார் மாதிரி அதுவும் ஒரு தேவை. புதுக் கார் வாங்கச் சொல்லாதவர்கள் இல்லை. ஆனால் அந்தப் பழைய காரின் இருக்கை உயரமும் வீல்செயாரின் உயரமும் ஒன்றாக இருந்தன. இடையில் ஒரு வழுக்குப் பலகையை வைத்தால் அவர் தன் பாட்டில் நகர்ந்து ஏறிவிடுவார். யாரும் தூக்கிவிடாமல் அவர் செய்யக்கூடியதாக இருந்த கடைசி வேலைகளில் அது ஒன்று. அதைப் பறிக்க எனக்கு மனமில்லை.

"மற்ற கராஜில காஸ் முடிஞ்சிட்டுது எண்டவை, அண்ணை."

"ஆர் பாத்தது?"

"அவைதான்."

"அளந்து பாத்தவையோ, சும்மா சொன்னவையோ?"

"தெரியாது," என்றேன்.

அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். "அப்ப நாங்கள் ரண்டு பேரும் ஒரே இடத்திலதான் நிக்கிறம்."

காஸ் அளக்கும் மானியைப் பூட்டிப் பார்த்தார். காஸ் சரியாக இருந்தது. பிறகு என்னிடம் விசாரணை. எத்தனை மணிக்குச் சூடாகிறது, எந்த ரோட்டில், வாகனத்தில் யார் யார், ஜன்னல் திறந்திருந்ததா. டொக்டர்கூட என் கணவரிடம் அவ்வளவு விவரமாகக் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் நார்த்மீட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மருந்து ஏற்றப் போகும்போதுதான் அதிகம் நடக்கிறது என்றேன்.

"அப்ப வெள்ளிக்கிழமை வாறன்," என்றார்.

சொன்னபடி வந்தார். பின் இருக்கையில் ஏறி, சட்டைப் பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்தார். இறைச்சி வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கும் குசினிச் சாமான் அது. மனிதர் சைவம். கையை நீட்டி அதைக் காற்று வரும் துவாரத்தில் செருகினார். "ஏழு," என்றார். பிறகு "ஏழு." பிறகு "எட்டு." என் கணவர் அவரோடு ஊர்க்கதை கதைக்கப் பார்த்தார். அவர் ஓம், இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார். முப்பத்தைந்து நிமிடம் அப்படியே போனது. "பன்ரண்டு" என்றார், உடனேயே "பத்தொன்பது" என்றார்.

"இடப்பக்கம் நிப்பாட்டுங்கோ தங்கச்சி. எஞ்சினை நிப்பாட்ட வேண்டாம்."

இறங்கி ஓடிப்போய்ப் பொனற்றைத் திறந்தார். உள்ளே குனிந்து பார்த்தவர், தலையை வெளியே எடுத்து, "மாஸ்டர், உங்கட பொல்லை ஒருக்காத் தாங்கோ," என்றார்.

என் கணவர் நடக்கக்கூடியதாக இருந்த காலத்தில் ஊன்றித் திரிந்த மரப்பொல்லு அது. பழக்கத்தில் இன்னும் காருக்குள்ளேயே கிடந்தது. அதன் நுனியால் கம்பிரஷரின் முகப்பில் இருந்த தட்டை மெல்லத் தள்ளினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். தட்டு சுழலத் தொடங்கியது. காருக்குள்ளிருந்து என் கணவர் கத்தினார்: "வந்திட்டுது! குளிர் வந்திட்டுது!"

அண்ணை எனக்கு விளங்கப்படுத்தியதை அப்படியே சொல்கிறேன். ஏசியைப் போட்டால் ஒரு காந்தம் அந்தத் தட்டை இழுத்து, சுழல்கிற சில்லோடு ஒட்டவைக்கும். தட்டும் சேர்ந்து சுழன்றால்தான் குளிர். வருடக் கணக்கில் தேய்ந்து தேய்ந்து தட்டுக்கும் சில்லுக்கும் இடையில் வெளி கூடிவிட்டது. எஞ்சின் கொதிக்கும்போது காந்தத்தின் பலம் குறையும். அந்த வெளியைத் தாண்டி இழுக்க அதனால் முடியவில்லை. ஆறினால் திரும்பவும் முடிகிறது. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவர் தட்டைக் கழற்றி, அதற்குப் பின்னாலிருந்து நகத்தின் பருமனில் ஒரு வளையத்தை எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டினார். வெளி குறைந்தது. புதிதாக எதையும் போடவில்லை.

"அப்ப இதுதான் பிழை, என்ன?"

"அப்பிடித்தான் நினைக்கிறன். அடுத்த வெள்ளியும் வாறன். பாத்திட்டுச் சொல்லுறன்."

அடுத்த வெள்ளியும் பின் இருக்கையில் ஏறி ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தார். வழி முழுக்க ஏழு. இறங்கும்போதுதான், "ஓம், அதுதான்," என்றார்.

அதன் பிறகு அவரை விட்டு வேறு யாரிடமும் நான் காரைக் கொண்டுபோகவில்லை. அறுபதை நெருங்கிய, மெலிந்த, நெற்றியில் எப்போதும் விபூதிக்கோடு கிடக்கும் மனிதர். ஒரே நேரத்தில் ஒரு சாமானுக்கு மேல் மாற்ற மாட்டார். "ரண்டை மாத்தினால் எது சுகப்படுத்தினது எண்டு தெரியாமப் போயிடும்," என்பார். செய்ததையும் கண்டதையும் ஒட்டுநாடாவில் எழுதிப் பொனற்றின் உட்புறத்தில் ஒட்டிவிடுவார். எங்கள் காரின் பொனற்றைத் திறந்தால் நோயாளியின் கட்டிலில் தொங்கும் அட்டை மாதிரி இருக்கும். ஓட்டை எங்கே என்று தெரியாமல் காஸ் அடித்துவிடச் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு வேறு இடம் போகச் சொல்வார். அப்படி நிறையப் பேர் போனார்கள். போனவர்கள் அவருக்கு வைத்த பெயர்தான் ‘தெரியாது அண்ணை’.

அவருடைய மனைவி ஒருநாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னிடம் முறையிட்டார். "சோத்துக்கு உப்புப் போதுமோ எண்டு கேட்டால், வாயில வைக்க முந்திச் சொல்ல மாட்டார். மழை வரப்போகுது, உடுப்பை எடுங்கோ எண்டால், ஆர் பாத்தது எண்டு கேக்கிறார். முப்பது வருசமாய் என்னெண்டுதான் இருக்கிறனோ."

"ஏனண்ணை இப்பிடி?" என்று நான் அவரைக் கேட்டேன். எதையோ அவசரப்பட்டுச் சொல்லிப் பட்ட அனுபவம் ஒன்று பின்னால் இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அவர் யோசித்தார். "எனக்குத் தெரியாது தங்கச்சி. சின்னனிலயே இப்பிடித்தானாம். அம்மா சொல்லுறவ."

என்னுடைய வேலை இரத்தம் எடுப்பது. ஒரு பரிசோதனை நிலையத்தில் காலையிலிருந்து மத்தியானம்வரை ஊசி குத்திக் குழாய்களை நிரப்பி அனுப்புவேன். ஒருமுறை அவரே வந்து என் முன்னால் கதிரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். அவருக்கு முன் இருந்த வயதான சீன அம்மாவிடம் நான் குழாயைக் காட்டி, "பாருங்கள், நல்ல நிறம்," என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

"நிறத்தைப் பாத்து ஏதும் சொல்ல ஏலுமோ?"

"ஏலாதண்ணை. அது மெஷினில போட்டால்தான்."

"அப்ப ஏன் நல்லாயிருக்கு எண்டு சொன்னனீங்கள்?"

"பயப்பிடாமப் போகட்டும் எண்டு."

அவர் ‘ம்’ என்றார். குறை சொல்லும் ‘ம்’ இல்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே போகும்வரை அதையே யோசித்துக்கொண்டு போனது போலத் தெரிந்தது.

அவருடைய இந்தக் குணம் எல்லோருக்கும் பிடித்ததில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில், வீட்டுக்காரர் தன் மகளின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவுக்காகக் காத்திருந்தார். "மெடிசின் கட்டாயம் கிடைக்கும்" என்று மேசையிலிருந்த எல்லோரும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். முறை அவருக்கு வந்தது. "தெரியாது," என்றார். பிள்ளையின் தாய்க்கு முகம் கறுத்துப்போனது. விழா முடியும்வரை அவர் பக்கம் யாரும் போகவில்லை, அந்தப் பிள்ளையைத் தவிர. அது தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "தாங்ஸ் அங்கிள்," என்றது. பிறகு இரண்டு பேரும் கேக் சாப்பிட்டார்கள்.

நான் அதைக் கண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு அடுத்த கோடைவரைதான் நிலைத்தது.

மெல்பேர்ணில் என் அண்ணாவின் மகளுக்குக் கல்யாணம். என் கணவர் தூக்கி வளர்த்த பிள்ளை, அவரிடம் கணக்குப் படித்த பிள்ளை. விமானத்தில் போக அவர் மறுத்துவிட்டார். முன்பு ஒருமுறை போனபோது, ஒடுங்கிய நாற்காலியில் வைத்துப் பெல்ட்டால் கட்டி, எல்லோரும் பார்க்க இழுத்துக்கொண்டு போனார்கள். அதை அவர் மறக்கவில்லை. ஆகவே கார்தான். ஒன்பது, பத்து மணி நேர ஓட்டம். ஜனவரி நடுப்பகுதி. வழியில் ஏசி நின்றால் என்ன நடக்கும் என்று நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

காரைத் ‘தெரியாது அண்ணை’யிடம் கொண்டுபோய் இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் போனபோது பொனற்றில் புதிதாக நாலைந்து நாடாக்கள் ஒட்டியிருந்தன.

"எல்லாம் சரியாய்த்தான் கிடக்கு," என்றார். "ஆனால் கம்பிரஷருக்குள்ள ஒரு சின்னச் சத்தம் கேக்குது. உள்ளுக்குச் சுழலுற பெயரிங் தேயுதுபோல. நாளைக்கே இறுகலாம், ரண்டு வருசமும் ஓடலாம்."

"அப்ப புதுசு போடுவமோ?"

"இந்த வாகனத்துக்குச் சாமான் வர மூண்டு கிழமையாகும்."

கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

"அண்ணை, ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. போகலாமோ?"

"தெரியாது தங்கச்சி."

"உங்கட மனசுக்கு என்ன படுது?"

"மனசுக்குப் படுகிறதைச் சொல்லி மாஸ்டரை ஏத்தி அனுப்ப ஏலாது. எனக்குத் தெரியாது."

நான் மூன்று நாள் நித்திரையில்லாமல் யோசித்தேன். கடைசியில் என் கணவரின் தங்கையை வந்து அவரோடு நிற்கச் சொல்லிவிட்டு, நான் மட்டும் விமானத்தில் போனேன். தாலி கட்டும் நேரம் ரெலிபோனை உயர்த்திப் பிடித்திருந்தேன். மறுபக்கத்தில் அவர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வீல்செயாரில் உட்கார்ந்திருந்தது திரையில் தெரிந்தது. வீட்டுக்குள், வேட்டி சால்வையோடு. அதைக் கண்டதும் நான் மற்றக் கையால் கண்ணைத் துடைத்ததில் படம் ஆடியது. "ஆட்டாமப் பிடி," என்றார்.

அந்தக் கோடை முழுக்க ஏசி ஒரு நாள்கூட நிற்கவில்லை.

என் கணவர் அதிகம் குறை சொல்கிறவர் இல்லை. பங்குனி மாதம் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், குளிர்காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருக்க, "அந்தாள் ஒரு ‘ஓம்’ சொல்லியிருந்தால் போயிட்டு வந்திருப்பம்," என்றார். அவ்வளவுதான். முடிவெடுத்தது நான். ஆனால் கோபத்தை நான் அந்த மனிதர்மேல் கொண்டுபோய் வைத்தேன். எண்ணெய் மாற்ற வேறு கராஜுக்குப் போனேன். கடையில் அவருடைய மனைவியைக் கண்டால் மரக்கறிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒன்றரை வருடம் அப்படிப் போனது.

ஒரு சனிக்கிழமை காலை வீட்டு மணி அடித்தது. திறந்தால் அவர், கையில் ஒரு பை முருங்கைக்காயோடு நின்றார். உள்ளே கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. குசினியில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என் கணவரும் வீல்செயாரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"வீட்டில இப்பதான் சொன்னவ," என்று தொடங்கினார். "கலியாணத்துக்கு மாஸ்டர் போகாததில நீங்கள் என்னோட கோபம் எண்டு. எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்டைக்கு வாகனம் போகுமோ எண்டு கேட்டனீங்கள். நான் அதுக்குத்தான் மறுமொழி சொன்னனான். நீங்கள் கேட்டது வேற எண்டு எனக்கு விளங்கேல்லை."

நான் என்ன கேட்டேன் என்று எனக்கே அப்போதுதான் விளங்கியது. முடிவின் பாரத்தில் பாதியையாவது யாராவது தூக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

அவர் என் கணவர் பக்கம் திரும்பினார். "அந்தக் கலியாணப் பிள்ளைக்குக் குழந்தை பிறந்திருக்காம். பாக்கப் போறதெண்டால் சொல்லுங்கோ, மாஸ்டர். நானும் வாறன்."

"வாகனம் போகுமோ?" என்றார் என் கணவர், வேண்டுமென்றே.

"தெரியாது. அதுக்குத்தான் நானும் வாறன்."

என் கணவர் சிரித்த சிரிப்பில் வீல்செயார் ஆடியது. நான் முருங்கைக்காயைக் கழுவுவது போலத் தண்ணீரைத் திறந்துவிட்டு முகத்தையும் கழுவிக்கொண்டேன்.

மார்கழிக் கடைசியில் புறப்பட்டோம். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் வந்து, தன் திருத்த வேலைக்கான ஆயுதப்பெட்டியைப் பின்னால் ஏற்றிவிட்டு, தான் பின் இருக்கையில் ஏறினார். அரை மணிக்கு ஒருமுறை கையை நீட்டி வெப்பமானியைப் பார்ப்பார். என் கணவர் அதை ஒரு விளையாட்டாக்கிவிட்டார். அவர் பார்க்கும் முன் "ஒன்பது" என்பார். அவர் பார்த்து, "எட்டு" என்பார். "நீங்களும் ஒருக்கா ஊகியுங்கோவன்," என்று என் கணவர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். மனிதர் அசையவில்லை.

ஹோல்புறூக் என்ற ஊருக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, "பதினாறு," என்றார். வெளியே முப்பத்தொன்பது. ஜன்னலைத் திறந்தால் அடுப்புக்கு முன்னால் நிற்பது போலக் காற்று. ஊருக்குள் போவதற்குள் என் கணவரின் தலை சரியத் தொடங்கிவிட்டது. கடலே இல்லாத அந்த ஊரில், பூங்காவில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிப் பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினேன்.

அவர் பொனற்றுக்குப் போவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. வீல்செயாரை இறக்கி, பலகையை வைக்க நேரமில்லாமல் என் கணவரை இரண்டு கைகளாலும் தூக்கி இருத்தி, கடைக்குள் உருட்டிக்கொண்டு போய்க் குளிர்பான அலுமாரிக்கு முன்னால் நிறுத்தினார். கடையில் நின்ற பெண் ஒன்றும் கேட்காமல் ஒரு பை ஐஸைக் கொண்டுவந்து தந்தாள். அதைத் துவாயில் சுற்றிக் கழுத்தில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அவர் என் கணவரின் முன்னால் குந்தி முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாஸ்டர், பதின்மூண்டாம் வாய்ப்பாடு சொல்லுங்கோ."

"பதின்... மூண்டு..." நாக்குப் புரளவில்லை.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். இந்தமுறை நூற்றுப் பதினேழுவரை போய், "போதுமோ?" என்றார் என் கணவர். அதற்குப் பிறகுதான் அவர் எழும்பிக் காரிடம் போனார்.

பழுதானது அந்தப் பெயரிங் இல்லை. நாங்கள் பயந்து கல்யாணத்துக்குப் போகாமல் விட்ட அந்தச் சத்தம், கடைசிவரை வெறும் சத்தமாகவே இருந்தது. மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, தீப்பெட்டியைவிடச் சிறியது, உள்ளே கருகிப்போயிருந்தது. அன்றைக்குக் கல்யாணத்துக்கு நாங்கள் தனியாகப் போயிருந்தால் இது நடந்திருக்குமா என்று நான் அவரைக் கேட்கவில்லை. என்ன சொல்வார் என்று தெரியும். ஹோர்னுக்கும் அதே மாதிரிப் பெட்டிதான் என்று சொல்லி, அதைக் கழற்றி இதில் செருகினார். ‘டக்’ என்றது. "இனி ஹோர்ன் அடிக்காது, பாத்து ஓடுங்கோ," என்றார்.

ஹோர்ன் இல்லாமல் மெல்பேர்ணில் கிளேட்டன்வரை ஓடினேன்.

அண்ணாவின் மகள் குழந்தையைக் கொண்டுவந்து என் கணவரின் மடியில் வைத்தாள். வீடு குளிராக இருந்ததால் கைகள் அவர் சொன்னதைக் கேட்டன. நான் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். "நீ விடு," என்றார். விட்டேன். குழந்தை அவருடைய விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நித்திரையானது. மூன்று நாள் அங்கே நின்றோம்.

அதுதான் எங்களுடைய கடைசித் தூரப் பயணம். அடுத்த வருடம் கார் ஓடாமல் போனது. அண்ணை வேலையை விட்டுவிட்டு மகளோடு இருக்க பிறிஸ்பேனுக்குப் போனார். தைப்பொங்கலுக்கு ரெலிபோன் எடுப்பார். என் கணவர் காலமாகி மூன்று வருடமாகிறது.

அந்தப் பயணத்தில் மெல்பேர்ணிலிருந்து திரும்பி வரும் வழியில் நடந்த ஒன்றை நான் யாருக்கும் சொன்னதில்லை. வெயிலுக்குப் பயந்து பாதி வழியில், கண்டகாய் என்ற ஆற்றங்கரை ஊரில் இரவு தங்குவதென்று அறை எடுத்திருந்தோம். பின்னேரம் ஆறு மணிபோல் போய்ச் சேர்ந்தோம். வெயில் இறங்கியிருந்தது. ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றார் என் கணவர். படகு இறக்குவதற்காகக் கட்டிய சீமெந்துச் சரிவு ஒன்று தண்ணீருக்குள் போனது. அண்ணை வீல்செயாரைப் பின்பக்கமாகப் பிடித்து, அடி அடியாக இறக்கி, சில்லுகள் நனையும் இடத்தில் பிறேக்கைப் போட்டார். குனிந்து என் கணவரின் சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றினார். கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீருக்குள் வைத்தார். பிறகு தன் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, பக்கத்திலேயே ஈரச் சீமெந்தில் உட்கார்ந்து தானும் காலை விட்டார்.

முழங்காலுக்குக் கீழே என் கணவருக்கு உணர்ச்சி போய் இரண்டு வருடமாகியிருந்தது. குளிக்க வார்க்கும் தண்ணீரை என் கையால் பார்த்துவிட்டுத்தான் அவருக்கு ஊற்றுவேன். ஒவ்வொரு முறையும் டொக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பாதத்தைத் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்பார். அவர் இல்லை என்று தலையாட்டுவார். இதெல்லாம் வழி முழுக்கப் பின் இருக்கையிலிருந்து எங்கள் கதையைக் கேட்டு வந்த மனிதருக்குத் தெரியாததில்லை.

அணையிலிருந்து வரும் தண்ணீர். நான் கைவிரலை விட்டுப் பார்த்துவிட்டு உடனே எடுத்துவிட்டேன், அவ்வளவு குளிர்.

என் கணவர் தன் பாதங்களைச் சுற்றித் தண்ணீர் பிரிந்து போவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளிருது," என்றார்.

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பிறகு மற்றவரைப் பார்த்தேன். எந்தக் கால், எவ்வளவு, எப்போதிலிருந்து என்று இப்போது கேட்கப்போகிறார் என்று எனக்குள் பதைத்தது. கேட்க வேண்டாம் என்று அவருக்குச் சாடை காட்டவும் வழியில்லை.

அவர் கேட்கவில்லை. தண்ணீருக்குள் தன் காலை அசைத்துப் பார்த்தார்.

"எனக்கும் குளிருது, மாஸ்டர்," என்றார்.

சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அவர்களுக்குப் பின்னால் நின்றேன்.